ஒரு நாளின் சராசரி

இல்லம்மா, நோட்டை மூடாதீங்க. பாத்துட்டுதான் இருக்கேன். கண்ணாடி போட்டாலும் எனக்குப் பொடி எழுத்து கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். ஏழு மாசமா எழுதறீங்களா? ஒரு நாள் கூட விடாமலா? இதோ, இந்தப் பக்கத்துல நாலு நாள் காலியா இருக்கே... ஓ. பாப்பாவை ஆஸ்பத்திரியில சேத்திருந்தீங்களா. சரி. சரிம்மா. அங்க படுக்கைப் பக்கத்துல உக்காந்துகிட்டு புகையை எங்க பாக்கறது.

மொதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு காலு ஆடும். எங்க குழுத் தலைவர் நாற்காலி அது. அவர் மட்டும் விழாம உக்காருவார், பதினோரு வருஷப் பழக்கம். இதுல உக்காருங்க. பையைக் கீழ வைங்க, யாரும் எடுத்துக்கிட்டுப் போயிட மாட்டாங்க. இங்க எடுத்துக்கிட்டுப் போறதுக்குக் காகிதத்தைத் தவிர வேற எதுவும் இல்ல.

யார் அனுப்பினாங்க உங்களை? கீழ டைப் அடிக்கற பொண்ணா? பாவம், அவளுக்கு எங்க மேல அவ்வளவு நம்பிக்கை. வாசல்ல போர்டு பாத்திருப்பீங்களே. காற்றுத் தரம், பசுங்குடில் வாயு விதிமுறைகள் கண்காணிப்பு வக்கீல்கள் குழுன்னு நீளமா இருக்கும். அதைப் பாத்துட்டு மாசத்துக்கு ரெண்டு பேராவது போன் பண்ணி சிலிண்டர் எப்ப வரும்னு கேக்கறாங்க. தலைவரும் பொறுமையா, அந்த கேஸ் வேறம்மா, இது வேற கேஸ்னு வெளக்குவார். அவங்களும் கடைசியில, சரி சார், அப்ப சிலிண்டர் எப்பன்னு கேப்பாங்க. ஆ, சிரிச்சீங்க பாருங்க. வந்ததுல இருந்து இப்பதான்.

இல்ல, நாங்க காத்தை அளக்க மாட்டோம். அதுக்கு ஆபீசருங்க இருக்காங்க, மெஷின் இருக்கு. நாங்க காத்தைப் பத்தின சட்டத்தை அளக்கறவங்க. அரசாங்கம் புதுசா ஒரு விதி கொண்டு வரணும்னா மொதல்ல வரைவுன்னு ஒண்ணு வெளியிடுவாங்க. அறுபது நாள் டைம். அதுக்குள்ள யார் வேணும்னாலும் கருத்து எழுதி அனுப்பலாம். நீங்களும் அனுப்பியிருக்கலாம்... தெரியாது. ஆமா, யாருக்குமே தெரியாது. அதனாலதான் தெரிஞ்ச நாங்க அனுப்பறோம். பதினோரு வக்கீல்கள். பாதிப் பேர் ஆலைகளுக்கு வாதாடறவங்க. பாதிப் பேர் உங்களை மாதிரி ஆளுங்களுக்கு. வேணும்னேதான் அப்படி வெச்சது. ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டு எல்லாரும் கையெழுத்துப் போட்டாதான் எங்க கடிதம் இந்த வாசலைத் தாண்டும். ஒருத்தர் மாட்டேன்னா எல்லாம் திரும்ப மொதல்ல இருந்து.

ரொம்ப நல்ல ஏற்பாடுன்னு நெனச்சோம். இப்பவும் பல பேர் அப்படித்தான் நெனைக்கறாங்க.

எப்படி நடக்கும்னா, சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஆரம்பிப்போம். பிஸ்கட் வரும். பாதி நேரம் கார்பன். இன்னும் எண்பது வருஷத்துல பூமி எவ்வளவு சூடாகும், அதுக்கு யார் எத்தனை பங்கு கணக்குக் காட்டணும். அது பெரிய விஷயம்தான், நான் கேலி பண்ணலை. ஆனா உங்க நோட்டுல பாருங்க, காலை அஞ்சு பத்து, புகை வந்தது, ஜன்னல் சாத்தினேன். அஞ்சு நாப்பது, பாப்பா எழுந்து உக்காந்துட்டா. ஆறு அஞ்சு, தைச்சு வெச்ச துணி மேல கருப்பா படிஞ்சிருக்கு, மறுபடி அலசணும். ஏழு மணி, நின்னுபோச்சு. எண்பது வருஷத்தைப் பேசின எங்க வாயில இந்த அஞ்சு பத்து ஒரு தடவை கூட வந்ததில்லைம்மா.

வீட்டுக்காரர் என்ன சொல்றார்? பைத்தியம்ங்கறாரா? சொல்லட்டும். எங்க வீட்டுலயும் அதே பட்டம்தான் எனக்கு.

இரும்பு உருக்கற பட்டறைதானே? உங்க தையல் மெஷின் இருக்கற ரூமுக்கு நேர் பின்னாடியா? ம். வாசல்ல ஒரு டிஜிட்டல் பலகை வெச்சிருப்பாங்களே, பச்சை விளக்கோட... தினமும் பச்சைதான். தெரியும். ஆபீசர் எத்தனை மணிக்கு வந்தார்? பதினோரு மணிக்கா. அந்த நேரத்துல உங்க தெருக் காத்து மலை உச்சிக் காத்து மாதிரி இருந்திருக்கும். அவர் மேல கோவப்படாதீங்க. அவர் காலையில அஞ்சு மணிக்கே வந்திருந்தாலும் அதே பச்சையைத்தான் எழுதியிருப்பார். பொய் எழுதறார்னு சொல்லலை. உண்மையிலேயே பச்சைதான். அதுதான் கொடுமை.

இருங்க, காட்டறேன். இந்தத் தாளோட பின்பக்கம் காலிதான். காலையில ரெண்டு மணி நேரம் உங்க ஜன்னல்ல தொள்ளாயிரம்னு வைங்க. எதுல தொள்ளாயிரம்னு கேக்காதீங்க, அந்த அளவோட பேரைச் சொன்னா எனக்கே நாக்கு சுத்தும். தூசி, அவ்வளவுதான். ரெண்டு தடவை தொள்ளாயிரம், ஆயிரத்தி எண்ணூறு. மீதி இருபத்திரெண்டு மணி நேரம் வெறும் இருபது இருபது. அது நானூத்தி நாப்பது. மொத்தம் ரெண்டாயிரத்தி இருநூத்தி நாப்பது. இருபத்திநாலால வகுத்தா தொண்ணூத்தி மூணு. விதியில எவ்வளவு வரைக்கும் போகலாம்? நூறு. முடிஞ்சுது. பச்சை.

புரியுதா? ஒருத்தரைக் காலையில ரெண்டு மணி நேரம் தண்ணிக்குள்ள அமுக்கி வெச்சுட்டு, மீதி நேரம் மொட்டை வெயில்ல போட்டா, நாள் கணக்குல அவர் நனையவே இல்லைன்னு அர்த்தம்.

முன்னாடி இப்படி இல்ல. பழைய விதியில மணிக்கணக்குதான். எந்த ஒரு மணி நேரத்துலயும் இருநூறைத் தாண்டக் கூடாது. அது இருந்திருந்தா உங்க நோட்டுல ஒரு பக்கம் போதும், பட்டறையை மூடிட்டு வந்து உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டிருப்பாங்க. மூணு வருஷம் முன்னாடி மாத்தினாங்க. எங்க குழு அதுக்கு அஞ்சு கூட்டம் போட்டுச்சு. ஜனங்க பக்கத்து வக்கீலுங்க இருநூறை நூறாக் குறைன்னாங்க. ஆலைப் பக்கம் முடியாதுன்னாங்க. உலையைப் பத்த வைக்கும்போது புகை வரத்தான் செய்யும், அந்த நேரத்தைப் பிடிச்சு அபராதம் போட்டா எல்லாரும் கடையைச் சாத்த வேண்டியதுதான்னு. கத்தல்னா அப்படி ஒரு கத்தல். தலைவர் ஆலைப் பக்கத்துப் பெரியவரைப் பாத்து, உங்க வீட்டு அடுப்புக்கு மட்டும் எதுக்குய்யா புகைக்கூண்டுன்னு கேட்டுட்டார். அவர் எழுந்து போயிட்டார். சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வர்றதுக்கே ஒரு கூட்டம் செலவு.

கடைசி நாள் வந்துடுச்சு. அஞ்சரை மணிக்குள்ள கடிதம் போகணும். நாலே முக்கால் ஆகுது, ஒண்ணும் நகரலை. அப்ப ஒருத்தங்க எழுந்து ஒரு யோசனை சொன்னாங்க. நீங்க கேட்ட மாதிரி நூறுன்னே வெச்சுக்குங்க, ஆனா மணிக்கணக்குல வேண்டாம், நாள் முழுக்கச் சராசரி பாப்போம்னு. அடுத்த நிமிஷமே எல்லாரும் பேனாவை எடுத்துட்டாங்க. இவங்களுக்கு நூறு கெடைச்சுது, அவங்களுக்கு உலை பத்தற நேரம் கெடைச்சுது. பதினோரு பேர், எல்லாரும் பெரிய பெரிய படிப்பு. நான் இப்பப் போட்டேனே இந்தத் தாள்ல, இந்த வகுத்தல் கணக்கை அன்னிக்கு ஒருத்தர் கூடப் போட்டுப் பாக்கலைம்மா. வக்கீலுங்க நாங்க, வார்த்தையைத்தான் திருப்பித் திருப்பிப் பாத்தோம். நாலஞ்சு எடத்துல கமா மாத்தினோம். அஞ்சு இருபதுக்குக் கடிதம் போச்சு.

அதுவரைக்கும் எட்டு வருஷத்துல எங்க கடிதம் ஒண்ணைக் கூட யாரும் பிரிச்சுப் படிச்சதா எனக்குத் தெரியாது. இதை மட்டும் அப்படியே எடுத்து விதியில போட்டுட்டாங்க. ஒரு எழுத்து மாறலை. கேக் வெட்டினோம். வேடிக்கையாத்தான் இருக்கும் உங்களுக்கு. எங்களுக்கு அன்னிக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. முதல் தடவையா ஏதோ நடந்துதேன்னு.

அதுக்கப்புறம் பட்டறைங்க சும்மா இருக்குமா? நாள் முழுக்க மெதுவா ஓட்டினதை எல்லாம் விடியக்காலை ரெண்டு மணி நேரத்துல சேத்து ஓட்டி முடிச்சிடறாங்க. கணக்கு தெரிஞ்சவங்க அவங்கதான்.

இல்லம்மா, மாத்த முடியாதுன்னு சொல்லலை. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மறுபரிசீலனை உண்டு. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. பாப்பாவுக்கு என்ன வயசு? ஆறு. அப்ப எட்டாகும். அப்படிப் பாக்காதீங்க, எனக்கு வேற தேதி தெரியாது. குழுவுல மூணு தடவை நானே எழுப்பிப் பாத்தேன். ஆலைப் பக்கம் கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க. எல்லாரும் போட்டாத்தானே வாசலைத் தாண்டும். ஜனங்க பக்கமும் சரியா வாயைத் தொறக்கலை. நாமதானே கேட்டு வாங்கினோம், இப்பப் போய் தப்புன்னு எப்படிச் சொல்றதுங்கறாங்க.

கோர்ட்டா? போகலாம். போகணும். இந்த நோட்டை மட்டும் எங்கயும் குடுத்துடாதீங்க, நகல் எடுத்துட்டு அசல் உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா அங்க போனா எதிர்த் தரப்புல என்ன பண்ணுவாங்க தெரியுமா? ஜனங்களுக்காக வாதாடற வக்கீலுங்களே இப்படித்தான் வேணும்னு எழுதிக் குடுத்திருக்காங்களேன்னு எங்க கடிதத்தை எடுத்து நீட்டுவாங்க. அதுக்கு பதில் சொல்லத் தெரிஞ்ச ஆளா வேணும்.

நானா? நான் வேண்டாம்மா. வேலை இருக்குன்னு சாக்குச் சொல்றேன்னு நெனைக்காதீங்க. பீஸ் விஷயமும் இல்ல. நான் வந்தா உங்களுக்குக் கெடுதல்தான். அடுத்த மாடியில, படிக்கட்டுக்கு இடது பக்கம் ஒரு சின்னப் பொண்ணு இருக்கா, வக்கீலாகி நாலு வருஷம்தான் ஆச்சு. எங்க குழுவுல இல்ல, எங்க யாரையும் அவளுக்குப் பிடிக்காது, அதுவே பெரிய தகுதி. கணக்கும் படிச்சிருக்கா. நான் இப்பவே சொல்லி வைக்கறேன்... வேண்டாம், நான் சொல்லி அனுப்பினா சந்தேகப்படுவா. நீங்களே நேரா போங்க.

யாரு? அந்த யோசனை சொன்னவங்களா? ஏன், போய் நாலு வார்த்தை கேக்கப் போறீங்களா? கேக்க வேண்டியதுதான். பேசுங்க, தூரம் போக வேண்டாம். அது நான்தான். அந்த வரியை எழுதினதும் நான்தான், கடிதத்துல முதல் கையெழுத்தும் என்னோடதுதான். அதனாலதான் உங்க வக்காலத்துல என் பேரு வரக் கூடாதுங்கறேன், நீங்க வழக்குப் போடற எதிராளிங்க பட்டியல்ல வரட்டும். எழுதும்போது இனிஷியலை மட்டும் விட்டுடாதீங்கம்மா. என் பேருலயே இன்னொரு வக்கீலம்மா இருக்காங்க கோர்ட்டுல. விவாகரத்து வழக்கு மட்டும் பாக்கறவங்க, அவங்க பாவம், அவங்களுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்ல.