தம்பி தேர்ந்தெடுத்துக் கொடுத்த போன்

என் பெயர் உமாதேவி, வயது 31, கணவர் பெயர் உதயகுமார். சொந்த ஊர் ஹனூர் அருகே ஒரு கிராமம். தற்போது மைசூரு மேட்டகள்ளியில் வாடகை அறையில் தங்கி, ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்து வருகிறேன். எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. ஆகவே இதைத் தமிழில் சொல்கிறேன்.

என் கணவர் குடித்துவிட்டு அடிப்பவர். சென்ற ஆண்டு அவர் என் இடது மணிக்கட்டை முறித்த பிறகு நான் அவரை விட்டு மைசூருக்கு வந்துவிட்டேன். நான் இந்த ஊரில் இருப்பது என் தம்பி கிரணுக்கு மட்டுமே தெரியும். அவன் கொள்ளேகாலில் பட்டுச்சேலைக் கடையில் வேலை செய்கிறான். கை முறிந்தபோது ஆஸ்பத்திரியில் எனக்குச் சாதம் ஊட்டியவன் அவன்தான்.

என் பழைய போனில் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். கணவர் தேடி வந்தால் போலீசுக்குக் கூப்பிடவாவது போன் உயிரோடு இருக்க வேண்டும் என்று கிரணிடம் சொன்னேன். அவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்து, என்னை ஒரு போன் கடைக்கு அழைத்துப் போனான். நான் கைக்கு அடக்கமாக ஒன்று கேட்டேன். அவன் கேட்கவில்லை. "சின்னது வேண்டாங்கா. பெரிய பேட்டரியா இருக்கணும், அதான் முக்கியம்" என்றான். கடைக்காரர் தீபக்கிடம், சார்ஜை மிச்சம் பிடிக்க ஆப்களைத் தானாக மூடிவிடாத போன் எது என்று விசாரித்தான். பக்கத்தில் நின்றும் அது எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. என் மேல் இவ்வளவு அக்கறையா என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். நான் தோசை சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் புதுப் போனை வைத்து ஏதேதோ செய்துகொண்டிருந்தான். தேவையான ஆப் எல்லாம் போட்டுவிட்டதாகவும், நான் எதையும் தொட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தான்.

அந்தப் போன் இரண்டு நாள் தாங்கும் என்று கடையில் சொன்னார்கள். ஆனால் சாயங்காலத்துக்குள் சார்ஜ் இறங்கியது, பையில் வைத்திருந்தாலும் சூடாக இருந்தது. கிரணிடம் சொன்னபோது, "புதுசுன்னா கொஞ்ச நாள் அப்பிடித்தாங்கா இருக்கும், சும்மா பயப்படாத" என்றான்.

அதன் பிறகு ஒரு நாள் தொழிற்சாலை வாசலுக்கு எதிரே டீக்கடையில் என் கணவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அழுதுகொண்டே கிரணுக்குத்தான் போன் செய்தேன். அறையை மாற்றச் சொன்னான், மாற்றினேன். புது அறை எங்கே என்று அவன் கேட்கவே இல்லை.

அதற்கடுத்த வாரம் தேவராஜா மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். நான் அங்கே போவது யாருக்கும் தெரியாது. பின்னாலிருந்து, "இன்னொரு முழம் சேத்து வாங்கு, நம்ம வீட்டுக்குப் போலாம்" என்று குரல் கேட்டது. கணவர் என் இடது கையைப் பிடித்தார், முறிந்த இடத்திலேயே பிடித்தார். நான் கத்தியதும் பூக்காரர்கள் கூடிவிட்டார்கள், அவர் நழுவிப் போய்விட்டார்.

நான் போகுமிடமெல்லாம் கூட வருவது அந்தப் போன் ஒன்றுதான் என்று தோன்றியது. அங்கிருந்து நேராக அதை வாங்கிய கடைக்குப் போனேன். எந்த ஆப் எவ்வளவு சார்ஜ் தின்கிறது என்று தீபக் திறந்து பார்த்தார். கால்குலேட்டர் படம் போட்ட ஒன்று மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் தின்றிருந்தது. அது கால்குலேட்டர் அல்ல என்றும், நான் போகும் இடத்தையெல்லாம் வேறு போனுக்குக் காட்டிக்கொண்டே இருப்பது என்றும் சொன்னார். அதில் பதிந்திருந்த எண்ணைக் காட்டி, "இது யார்து அக்கா?" என்றார். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அது. என் தம்பியுடையது.

அங்கிருந்தே கிரணைக் கூப்பிட்டு, என் போனில் என்ன போட்டாய் என்று கேட்டேன். "மாமா கேட்டாருங்கா. பொண்ணு பாக்கப் போற எடத்துல எல்லாம் உங்க அக்கா ஏன் புருசன்கூட இல்லைன்னு கேக்கறாங்க. நீ திரும்பிப் போய்ட்டாத்தான் எனக்குக் கல்யாணம் நடக்கும்" என்றான்.

"அவரு என் கைய ஒடிச்சது உனக்குத் தெரியாதாடா?" என்று கேட்டேன்.

"இப்ப அவரு மாறிட்டாருங்கா" என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

ஆப்பை அழித்தால் சாட்சி போய்விடும் என்று தீபக் சொன்னதால், அப்படியே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். அதன் பிறகு உதவி ஆய்வாளர் அம்மா சொன்னபடி, சாதாரண உடையில் இருந்த இரண்டு பெண் காவலர்களோடு பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த ஆப் ஓடிக்கொண்டிருந்த போன் மடியில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் என் கணவர் வந்து, "பஸ்சு எதுக்கு? வண்டி கொண்டாந்திருக்கேன், ஏறு" என்று இழுத்தார். காவலர்கள் அவரைப் பிடித்தார்கள்.

நிலையத்துக்குத் திரும்பியதும் கிரண் கூப்பிட்டான். "என் பேர மட்டும் சொல்லிராதக்கா" என்றான். புகாரில் தம்பியின் பெயரை எழுத விருப்பம் இல்லையென்றால் இப்போதே சொல்லலாம் என்று உதவி ஆய்வாளர் அம்மாவும் சொன்னார்கள். தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பிறகு, கணவர் பெயருக்கு முன்னால் தம்பி பெயரை எழுதச் சொன்னேன். கணவர் எப்படிப்பட்டவர் என்பது எனக்கு முன்பே தெரியும்.

இதை எனக்கு முழுவதும் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் எழுதப்பட்டுள்ளது, எல்லாம் உண்மை, யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை.

(ஒப்பம்) உமாதேவி