அளவு தப்பாத சப்பாத்து

"சப்பாத்து இவ்வளவு சரியாப் பொருந்தக் கூடாதே தம்பி."

ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பிய பாசஞ்சரில் எதிரே இருந்த பெண் இப்படிச் சொன்னதும் என் கையிலிருந்த பத்திரிகை தானாகத் தாழ்ந்தது. பக்கத்தில் அவளுடைய தம்பி, ராமநாதபுரத்துக்குச் சைக்கிள் பந்தயத்துக்குப் போகிறவன். காலில் புத்தம்புதுச் சப்பாத்து. அவனுக்கு நிச்சயம் பண்ணியிருக்கும் பாம்பன் பெண்ணின் வாப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாராம்.

"பொருந்துனா நல்லதுதானே லாத்தா? மிதிக்கும்போது கால் நழுவாது."

"உனக்கு எடது கால் பெருசு. எந்தச் சப்பாத்து வாங்குனாலும் வலதுல துணி திணிப்ப. இதுல எடது ஒம்பது, வலது எட்டுன்னு அடியில போட்டிருக்கு. ரெண்டு ஜோடியப் பிரிச்சுல்ல வாங்கியிருக்காக! உன் கால் விவரம் அவுகளுக்கு எப்படித் தெரியும்?"

"பள்ளிவாசல்ல மாமா பாத்திருப்பாக. வெறுங்காலோடதானே நின்னேன்."

"மாமா தொழ வந்தாகளா, உன் கால அளக்க வந்தாகளா? பழகுறேன் பழகுறேன்னு தெனமும் பாம்பனுக்கே ஏன் சைக்கிள மிதிச்ச? அவுக வீட்டுல அளவெடுத்தது யாரு?"

அவன் கால்களை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"அல்லா மேல சத்தியமா, முகத்தக்கூட நான் சரியாப் பாக்கல லாத்தா. ஓலைய வச்சு அளவெடுத்து முடிக்கிற மட்டும் அந்தப் புள்ள குனிஞ்சேதான் இருந்துச்சு."

வண்டி பாம்பன் பாலத்தைத் தாண்டியது.

"பந்தயத்துல செயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி," என்றாள் பிறகு. "இந்த மாசமே நிக்காஹ்."