விஸ்கி சூடா, குளிர்ச்சியா?

விஸ்கி உடம்புக்குச் சூடா, குளிர்ச்சியா? எனக்கு இன்னும் தெரியவில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், தூங்கும் குழந்தையோடு உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். இருமிக்கொண்டே வந்த கணவரின் மடியில் காகிதம் சுற்றிய பாட்டில் இருந்தது.

"சளிக்கு மருந்துன்னு பிராந்திதான வாங்கச் சொன்னேன்?"

"கடையில தீந்துபோச்சு. விஸ்கியும் அதே வேலதான் செய்யும்."

"ரெண்டும் எதுல செய்யறாங்க?"

"பிராந்தி திராட்சையில, விஸ்கி பார்லியில."

"பார்லியா? அது குளிர்ச்சியாச்சே! இருமல் ஜாஸ்தியாயிடும்."

மனைவி பாட்டிலைப் பிடுங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"அடியே, குடுடி!"

"நீர்க்கடுப்பு வந்தா சொல்லுங்க, தரேன்."

அதற்குப் பிறகு சிதம்பரம் வரை அந்தக் கணவர் இருமவே இல்லை.

நேற்றிலிருந்து என் கணவருக்கும் இருமல். திராட்சையும் குளிர்ச்சிதானே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவர் கடைக்குக் கிளம்புவதற்குள்.