நிலுவையில் யாரும் இல்லை

— சத்தமாப் படி தம்பி. கண்ணாடியை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்.

— அக்கா, இது நாளைக்குக் காலையில சபையில அமைச்சர் படிக்கப்போற பதில். அதுக்கு முன்னாடி வெளியாள் காதுல விழக்கூடாது.

— நான் வெளியாளா? வாசல்ல போட்டோ புடிச்சு, கழுத்துல அட்டை மாட்டித்தான் உள்ள விட்டிருக்காங்க. படி.

— புடிச்ச புடியை விடமாட்டியே நீ. சரி, கதவைச் சாத்து. உறுப்பினர் கேட்ட கேள்வி இது: 'விமான டிக்கெட்டில் வசூலிக்கப்படும் ஓய்வூதிய ஈட்டு வரியிலிருந்து, மூடப்பட்ட அரசு விமான நிறுவன ஊழியர்களுக்குத் தர வேண்டிய இழப்பீடு எத்தனை பேருக்கு நிலுவையில் உள்ளது?' நம்ம பதில்: 'நிலுவையில் மனு எதுவும் இல்லை.'

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். இருபத்தெட்டு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்து பதில் எழுதறேன். ஒரு வார்த்தை பொய்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை.

— நல்லாயிருக்குடா கதை. உங்க மாமா முப்பத்தோரு வருஷம் அந்த விமானங்களுக்கு டயர் மாட்டினாரு. கம்பெனியை மூடினாங்க, பென்ஷனைப் பாதியாக் குறைச்சாங்க. மிச்சப் பாதியை டிக்கெட் வரியில இருந்து ஈடுகட்டறோம்னாங்க. ஆறு வருஷம் ஆச்சு. இன்னிக்கும் பிரஷர் மாத்திரையைக் கத்தியால ரெண்டா வெட்டி, பாதிதான் போட்டுக்கறாரு. அவரு நிலுவை இல்லாம வேற என்னவாம்?

— மாமா மனு போட்டாரா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!

— சிபாரிசு கேக்க வந்துட்டாருன்னு நீ நினைச்சுடக் கூடாதுன்னுதான். பதினோரு தடவை போட்டாரு.

— பதில் வந்துச்சா?

— பதினோரு தடவையும் மனுவே திரும்பி வந்துச்சு.

— அதான் விஷயம். திருப்பி அனுப்பினது நிலுவையில சேராது அக்கா. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? மனு எங்க மேசையில இருந்தாத்தான் நிலுவை. திருப்பி அனுப்பிட்டா அது மனு போட்டவர் பொறுப்பு.

— எதுக்குத் திருப்பினீங்க?

— கடைசியா வேலை பார்த்த அலுவலகத் தலைவர் சான்று கொடுக்கணும். அது இல்லைன்னா மனு முழுமையாகாது.

— மூடின கம்பெனிக்கு ஏதுடா தலைவர்? அந்த ஆபீஸ்ல புறாதான் குடும்பம் நடத்துது. புறாகிட்டப் போயி கையெழுத்து வாங்கறதா?

— விதியை நான் போடலையே. சிரிக்காத அக்கா, கஷ்டமா இருக்கு.

— எனக்கு மட்டும் சிரிப்பாவா இருக்கு? எத்தனை பேரைத் திருப்பியிருக்கீங்க?

— நாலாயிரத்துச் சொச்சம்.

— கொடுத்தது?

— பன்னண்டு பேருக்கு. கம்பெனி இருக்கறப்பவே சான்று வாங்கி வெச்சிருந்தவங்க.

— பன்னண்டு பேருக்கா! இதைப் பாரு, என் டிக்கெட். அவரு அத்தனை வருஷம் டயர் மாட்டியும், நான் விமானத்துல இன்னிக்குத்தான் முதல் தடவையா ஏறினேன். பொண்ணு எடுத்துக் கொடுத்தா. பக்கத்து சீட்டுல இருந்தவங்க எனக்காகப் படிச்சுக் காட்டினாங்க, கீழ ஒரு வரி இருக்காமே, ஓய்வூதிய ஈட்டு வரின்னு. என் புருஷனுக்கு வரவேண்டியதுக்கு நாங்களே காசு கட்டிட்டு வந்திருக்கோம்.

— அந்த வரி எல்லா டிக்கெட்லயும் உண்டு அக்கா.

— சரி, நாளைக்கு இதைப் படிச்சுட்டா அடுத்து என்ன?

— பாக்கி யாருமில்லைன்னு கணக்கை மூடிருவாங்க. சேர்ந்திருக்கற பணம் புது விமான நிலையக் கட்டடத்துக்குப் போகும்.

— அப்ப ஒரே ஒரு வரி சேத்து எழுது. 'நாலாயிரம் பேரோட மனுவைத் திருப்பி அனுப்பினோம்'னு.

— கேக்காததை எழுதக்கூடாது. எழுதினா மேல இருக்கறவங்க என்னைத் தூக்கி எங்கயாவது மூலையில போட்டுருவாங்க. இன்னும் ரெண்டு வருஷம்தான் எனக்கு சர்வீஸ். பென்ஷன்ல கை வெச்சுட்டாங்கன்னா நான் என்ன பண்ணுவேன்?

— அப்ப பென்ஷன் போனா எப்படி இருக்கும்னு உனக்கும் தெரியுது.

— குத்திக் காட்டாத.

— குத்தலடா. கேக்கறேன். திருப்பி அனுப்பறப்போ பேரைக்கூடப் பாக்கமாட்டியா?

— பேர் எங்க இருக்கும்? திங்கட்கிழமை காலையில நூறு வெத்துத் தாளைக் கட்டாக் கொண்டுவந்து வைப்பாங்க. மொத்தத்துலயும் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, டைப் அடிக்கிற பிரிவுக்கு அனுப்பிருவேன். பேர், காரணம் எல்லாம் அப்புறம் அவங்க அடிச்சுப்பாங்க. தலைக்கு மேல வேலை, இங்க எல்லாரும் அப்படித்தான். இரு இரு. திருப்பி அனுப்பினது நான்தான்னு, கையெழுத்து என்னோடதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— எனக்குத் தெரியாதா? ரிப்போர்ட் கார்டுல அப்பா கையெழுத்தைப் போடறதுக்கு நீ பழகினதே என் கணக்கு நோட்டுலதானே. கடைசியில ஒரு சுழி சுழிப்பியே, அது இன்னும் மாறல.

— அந்தக் கடுதாசியெல்லாம் நீ பாத்துட்டியா?

— ஆறு வருஷமா அவரு எனக்குக் காட்டலைடா. கேட்டா 'இன்னும் பதில் வரல'ம்பாரு. போன மாசம் பீரோவை நகத்திப் பெருக்கினப்போ கையில சிக்குச்சு. உன் கையெழுத்தைப் பாத்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அன்னிக்கே வந்து உன்னை நாலு அறை விட்டிருப்பேன். அவருதான் தடுத்தாரு. 'அவன் நம்ம பேரைப் பாத்திருக்கவே மாட்டான், திட்டாத'ன்னாரு.

— மாமாவா அப்படிச் சொன்னாரு?

— அவருதான்.

— கடுதாசிங்க இப்ப எங்க இருக்கு?

— உறுப்பினர்கிட்ட கொண்டுபோய்க் கொடுத்தோம். இந்தக் கேள்வியைக் கேக்கச் சொன்னதே நாங்கதான்.

— ஐயையோ! பதிலுக்கு மேல துணைக்கேள்வி கேட்டு அதை எடுத்து நீட்டினாப் போச்சு. வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டது வரைக்கும் தோண்டிருவாங்க. கூடப் பொறந்தவளே என்னைக் கவுத்துட்டியே அக்கா!

— கத்தாத. அந்தத் தண்ணியைக் குடி. உறுப்பினர் வாங்கிப் பாத்தாரு, 'கையெழுத்தும் இல்லாம முத்திரையும் இல்லாம இருக்கே, இதை வெச்சுக்கிட்டு நான் சபையில எப்படிம்மா பேசறது'ன்னு அப்படியே திருப்பிக் கொடுத்துட்டாரு. கேள்வி மட்டும்தான் வருது. நீ என்ன எழுதறியோ அதுதான் நிக்கும். மறுத்துப் பேச எங்க கையில எதுவும் இல்லை.

— கையெழுத்து இல்லாமயா? அது இல்லாம இங்கிருந்து ஒரு தாள்கூடப் போகாதே அக்கா!

— இருந்துச்சு. கொண்டுபோறதுக்கு முந்தின நாள் உங்க மாமா கத்திரிக்கோலோட உக்காந்து, பதினோரு கடுதாசியிலயும் உன் கையெழுத்தையும் முத்திரையையும் மட்டும் வெட்டி எடுத்துட்டாரு. இந்தா, துண்டெல்லாம் இந்தக் கவர்ல இருக்கு, உன் கையிலயே கொடுத்துடச் சொன்னாரு.