கம்பளி வைத்துத் தைத்த மேல்சட்டை

என் பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் எழுதியாகிவிட்டன. வயது நாற்பத்தேழு. படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதையும் முடிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகத் துணி மடிக்கிறேன். அங்கே மடிப்பக்கா என்று கேட்டால்தான் என்னைத் தெரியும். என் வீட்டுக்காரர் காய்கனி வைக்கும் குளிர்கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை பார்த்தார். சென்ற மாதம் இருபத்தாறாம் தேதி இறந்துபோனார். அவருடைய தம்பியை, அதாவது என் கொழுந்தனை, இன்று காலை பத்தரை மணிக்கு அதே குளிர்கிடங்கில் வைத்து நான் கத்தரிக்கோலால் காயப்படுத்தியதாகப் புகார். அதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். காயம் பட்டது உண்மை. நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது ஒரே வீட்டில். முன்பக்கம் இரண்டு அறையில் கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும். அவள் எனக்கு ஓரகத்தி. பின்பக்கம் ஓர் அறையும் சமையல் இடமும் எங்களுக்கு. நடுவில் ஒரு நடை, அதில் ஒரு பெஞ்சு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஓரகத்தியும் சலவைக்கூடத்தில்தான் மூன்று வருடமாக இருக்கிறாள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான், பழக்கிக் கொடுத்ததும் நான்.

என் வீட்டுக்காரர் பத்தொன்பது வருடம் அந்தக் குளிரில் நின்றார். கடைசி நான்கு வருடம் வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு நடுக்கம் நிற்காது. அதனால் வார்டில் கழித்துப்போட்ட ஒரு கம்பளியை எங்கள் மேற்பார்வையாளரிடம் எழுதிக் கொடுத்து வாங்கி, அவருடைய பழுப்பு மேல்சட்டைக்கு உள்ளே வைத்துக் கையால் தைத்தேன். கம்பளியில் ஆஸ்பத்திரி முத்திரை இருந்த இடம் முதுகுக்கு நடுவில் வந்தது. வெட்டினால் ஓட்டை விழும் என்று அப்படியே விட்டுவிட்டேன். "முதுகுல சீல் குத்தி அனுப்புற. நாளைக்கு ஆஸ்பத்திரிக்காரன் வந்து இது எங்க சொத்துன்னு தூக்கிட்டுப் போயிடுவான்" என்று சொல்லிவிட்டுப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அதைக் கழற்றி நான் பார்த்தது குறைவு.

சென்ற மாதம் மூன்றாம் தேதி காலையில் அவருக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரி வேன் வந்தது. நான் அவருடைய துணிகளைக் கைக்குக் கிடைத்த பழைய விரிப்பில் போட்டுக் கட்டினேன். மேல்சட்டையும் அதில்தான் இருந்தது, ஏனென்றால் மூச்சு முட்டும்போது அவரே அதைக் கழற்றிப் போட்டார். அதன் கை வெளியே தொங்கியதால் முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சு போட்டு இறுக்கினேன். அதற்குள் வேன் டிரைவர், "மூட்டையெல்லாம் ஏத்தாதீங்கம்மா, ஆள் படுக்கவே எடம் இல்ல" என்றார். மூட்டையை நடை பெஞ்சில் வைத்துவிட்டு ஒரு பையோடு ஏறினேன்.

அதன் பிறகு இருபத்து நான்கு நாள் அவர் வார்டில் இருந்தார். நான் காலையில் கீழே போய் மடிப்பு வேலை முடித்துவிட்டு மேலே வந்துவிடுவேன். அவருக்குப் போர்த்திய விரிப்பு நான் மடித்ததுதான். என் மடிப்பு எனக்குத் தெரியும். அது ஒற்றைத் துணி, குளிர் தாங்காது. ஏசியைக் குறைக்கச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரருக்கு அது வேண்டும், நிறுத்த முடியாது என்று நர்ஸம்மா சொன்னார். அவர் மேல் தப்பு இல்லை. என் வீட்டுக்காரர் முதல் நாளே மேல்சட்டையைக் கேட்டார். ஓரகத்தி கீழே வேலைக்கு வந்தபோது பெஞ்சில் இருக்கும் மூட்டையைக் கொடுத்தனுப்பச் சொன்னேன். மறுநாள் வந்து, "அங்க மூட்டையே இல்லக்கா. நீங்க வேன்ல கொண்டு போயிட்டீங்கன்னுல நெனச்சேன்" என்றாள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த வேன் டிரைவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அவர் வேனைத் திறந்து காட்டினார். இல்லை.

கொழுந்தன் வார்டுக்கு மூன்று முறை வந்தான். ஐந்தாம் தேதி வந்தபோது என் வீட்டுக்காரர் அவனிடம், "எனக்குப் பதிலா கிடங்குல நீ நில்லுடா, இல்லன்னா எடம் போயிடும். சூப்பர்வைசர்கிட்ட நான் சொல்லிட்டேன்" என்றார். அவனுக்கு எட்டு மாதமாக வேலை இல்லை. சரி என்று போனான். பன்னிரண்டாம் தேதி வந்தபோது இவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "டேய், குளிருதுடா. என் மேல்சட்டை வீட்லதான் எங்கயாச்சும் இருக்கும், நல்லாத் தேடி எடுத்துட்டு வா" என்றார். "தேடுறேன்ணே" என்றான். பத்தொன்பதாம் தேதி வெறுங்கையோடு வந்தான். "வீடு பூரா பொரட்டிட்டேன். காணோம்ணே. அண்ணிதான் எங்கயோ போட்டுட்டாங்க போல" என்றான். நான் கட்டிலின் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

அதன் பிறகு இவர் என்னிடம் அதிகம் பேசவில்லை. இருபத்தைந்தாம் தேதி மத்தியானம் நான் காலைத் தேய்த்துவிட்டபோது, "ஊரான் துணியெல்லாம் எண்ணி அடுக்குற. ஒரு சட்டையக் காப்பாத்தத் தெரியல உனக்கு" என்றார். அதற்குப் பிறகு தண்ணீர் என்று ஒருமுறை கேட்டார். வேறு பேச்சு இல்லை. மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு உயிர் போனது.

எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு நான் அறையைச் சாத்திக்கொண்டு அவருடைய சாமான்களைப் பிரித்தேன். எங்கள் கூடத்தில் செய்கிற மாதிரியே வெளுக்க, கொடுக்க, கழிக்க என்று மூன்று குவியல் போட்டேன். மீசைக் கத்தரி, ஒரு காது உடைந்து நூல் சுற்றிய கண்ணாடி, பாதி சாப்பிட்ட மாத்திரை அட்டைகள், கட்டைவிரல் பட்டுப் பட்டுக் குழி விழுந்த செருப்பு, எந்தப் பூட்டுக்கும் சேராத நான்கு சாவி. பெட்டிக்கடையில் கொடுத்த ஒரு காலண்டரை அவர் மூன்று வருடமாக வைத்திருந்தார், ஏன் என்று தெரியவில்லை. கிடங்கில் கொடுத்த அடையாள அட்டை, லாக்கர் சாவி, ரப்பர் பூட்ஸ் மூன்றையும் தனியே வைத்தேன். பதினைந்து நாளில் ஒப்படைக்கச் சொல்லி ஆள் வந்திருந்தார்.

துணி என்று மிஞ்சியது இரண்டு வேட்டி, கயிற்றில் கிடந்த ஒரு பனியன், துண்டு, தலையணை உறை. கைப்பழக்கத்தில் அத்தனையையும் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டேன். அலசிப் பிழியும்போதுதான் உறைத்தது. முகர்ந்து பார்த்தேன், சோப்பு வாசனை மட்டும்தான் இருந்தது. தலையணையை முகர்ந்தேன், பஞ்சு வாசனை. அதைச் செய்தது நான்தான், அதில் யார் மேலும் குறை சொல்ல முடியாது. அப்போது அந்த மேல்சட்டை கிடைத்தால் போதும் என்று நினைத்தேன். மறுபடியும் ஓரகத்தியைக் கேட்டேன். "எத்தன தடவக்கா சொல்றது" என்றாள்.

இன்று காலை ஒன்பதரைக்கு அட்டை, சாவி, பூட்ஸ் எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். வாசல் காவலாளி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "உள்ள போங்கம்மா. அண்ணன் இல்லாம கிடங்கே சில்லுன்னு கெடக்கு" என்றார். சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் முன்கூடத்துக்குள் போனேன். எடை மேடைக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அப்படி எழுத முடியாது என்று, இந்த வாக்குமூலத்தை எழுதும் போலீஸ் அம்மா சொன்னார்கள். நான் கண்டதைத்தான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். பிறகு அவர் திரும்பினார். அது என் கொழுந்தன்.

பழுப்பு மேல்சட்டை போட்டிருந்தான். வலது பையின் ஓரத்தில் என் தையல் தெரிந்தது. நான் சூப்பர்வைசரிடம் சாமான்களைக் கொடுத்துவிட்டு, இந்தச் சட்டையை எப்போதிலிருந்து போடுகிறான் என்று கேட்டேன். அவர் ஒன்றும் அறியாதவர். "வந்த அன்னிலேருந்தே போடுறாப்ல. போன மாசம் ஆறாம் தேதி. அண்ணனே குடுத்து அனுப்பினாராமே" என்றார்.

அதன் பிறகு நான் கொழுந்தனிடம் போய், "தம்பி, அதக் கழட்டிக் குடு" என்றேன். அவன் சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தான். "வேலை நேரத்துல என்ன அண்ணி இது. வீட்ல பேசிக்கலாம்" என்றான். கழற்றச் சொன்னேன். "உள்ள மைனஸ்ல இருக்கு. இதக் கழட்டிட்டு நான் வெறைச்சுச் சாகவா?" என்றான். மூன்றாம் முறையும் கழற்றச் சொன்னேன். "செத்துப்போனவருக்குச் சட்டை எதுக்கு அண்ணி?" என்று சொல்லிவிட்டு ஒரு பெட்டியைத் தூக்கக் குனிந்தான்.

பக்கத்து மேசையில் பெட்டிப் பட்டை வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது. எடுத்தேன். இடது கையால் சட்டையின் கீழ் ஓரத்தைப் பிடித்து, முதுகு நடுவில் கீழிருந்து மேலே வெட்டிக்கொண்டு போனேன். முத்திரை இருந்த இடம் வரைக்கும் நேராகத்தான் வந்தது. அங்கே அவன் திமிறித் திரும்பியதால் கத்தரியின் முனை தோளுக்குக் கீழே இறங்கியது. ஆறு தையல் என்று சொன்னார்கள். நான் குத்தவில்லை. ஆனால் அவன் திமிறிய பிறகும் நான் வெட்டுவதை நிறுத்தவில்லை, கழுத்துப்பட்டி வரைக்கும் வெட்டினேன். சட்டை இரண்டு துண்டாக விழுந்தது. ஒரு துண்டை எடுத்து முகத்தில் வைத்தேன். கொழுந்தனின் தலை எண்ணெய் வாசனை அடித்தது. அதைக் கீழே போட்டுவிட்டு, போலீஸ் வரும் வரை எடை மேடையில் உட்கார்ந்திருந்தேன். கத்தரிக்கோலை நானே ஒப்படைத்தேன்.

மத்தியானம் ஓரகத்தி ஸ்டேஷனுக்கு வந்தாள். எழுதும் அம்மாவும் இருந்தார்கள். எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வார்டிலிருந்து வரும் மூட்டையில் ஒற்றை முடிச்சு இருந்தால் வெளுக்க வேண்டும். முடிச்சின் மேல் முடிச்சு இருந்தால் அது கழித்த துணி, திரும்பிப் போகாது, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். ஓரகத்தி சொன்னாள், "நீங்கதான ரெட்டை முடிச்சு போட்டு வெளிய வெச்சீங்க. மாமா இனிமே வரமாட்டாருன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன்க்கா. அப்புறம் நீங்க கேட்டப்போ, இவரு அத எடுத்துப் போட்டுக்க ஆரம்பிச்சிட்டாரு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அந்த முடிச்சு நான் போட்டதுதான். அவளுக்கு அதன் அர்த்தத்தைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அவசரத்தில் கை அதைச் செய்தது, கண் பார்க்கவில்லை. அதனால் மூட்டையை எடுத்ததற்காக ஓரகத்தி மேலும் கொழுந்தன் மேலும் நான் திருட்டுப் புகார் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் கடைசியாக என்னிடம் சொன்னதில் பாதி சரிதான் என்பதும் இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு ஓரகத்தி, "அவரு புகாரை வாபஸ் வாங்கிக்கிறேங்கிறாரு. நீங்க அப்ப துக்கத்துல, நெனவே இல்லாம செஞ்சுட்டேன்னு எழுதிக் குடுத்தாப் போதும்" என்றாள். இன்ஸ்பெக்டர் ஐயாவும் அதையேதான் நல்லதுக்குச் சொன்னார். "கேஸ் ஆச்சுன்னா ஆஸ்பத்திரி வேலைக்கு வேட்டும்மா. புருசன் போன துக்கம், புத்தி பேதலிச்சிடுச்சு. யாரு கேக்கப் போறாங்க?" என்றார். வேலை போனால் எனக்கு வேறு கதி இல்லை. அந்த வீட்டில் இருக்கவும் முடியாது. இதை யோசித்துத்தான் அரைமணி நேரம் கேட்டு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

யோசித்தபின் சொல்வது. மூட்டை எடுத்தது முடிச்சைப் பார்த்து. அது என் பிழை. ஆனால் பன்னிரண்டாம் தேதி என் வீட்டுக்காரர் அவன் கையைப் பிடித்துக் கேட்டபோது முடிச்சு ஒன்றும் குறுக்கே இல்லை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு காலையில் வேலை பார்த்துவிட்டு, கிடங்கிலேயே கழற்றி மாட்டிவிட்டு, சாயங்காலம் வந்து அவர் முன்னால் தேடுகிறேன் என்று சொன்னான். பத்தொன்பதாம் தேதி காணோம் என்று சொல்லிப் பழியை என் மேல் போட்டான். கட்டிலில் இருந்தவர் போய்விட்டார். அவன் சொன்னதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். நினைவு இல்லாதவள் என்று நானே எழுதிக் கொடுத்தால், நான் கேட்டதும் நினைவு இல்லாதவள் கேட்டதாகிவிடும். அது என்னால் ஆகாது. வேலை போனால் போகட்டும்.

இதுவரை எழுதியதை எழுதும் அம்மா நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார்கள். கத்தரியை எடுத்தேன் என்ற இடத்துக்கு முன்னால் "துக்கத்தில் நிலை தடுமாறி" என்று மூன்று வார்த்தை சேர்ந்திருந்தது. அது நான் சொல்லாதது. அடிக்கச் சொன்னேன், அடித்தார்கள். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து போடச் சொன்னார்கள், போட்டேன். மற்றதெல்லாம் என் வாயிலிருந்து வந்தபடி இருக்கிறது, யாரும் சொல்லிக் கொடுத்தோ மிரட்டியோ வரவில்லை. காலையில் சட்டையை வெட்டியபோது இருந்த அதே நினைவோடு இங்கேயும் கையெழுத்து போடுகிறேன்.

(ஒப்பம்)