நெல்லுக்குள் காய்ந்த கணினி

கிரானிலிருந்து செங்கலடி போகும் பஸ்ஸில் இடமில்லாமல் நின்றுகொண்டு வந்தேன். மடியில் பழைய கணினிப் பெட்டியோடு இருந்தவர் பக்கத்திலிருந்த கூட்டாளியிடம் சொன்னார்:

"வெள்ளத்துக்குள்ள கிடந்ததை நெல்லு மூட்டைக்குள்ள புதைச்சுத்தான் காய வச்சன் மச்சான். திறந்து பாத்தா உள்ளுக்க ஒரு நெல்லு முளைச்சுக் கிடக்கு!"

"வேலை செய்யுதாடா?"

"ஓம்! தம்பி வேலைக்குக் கட்டார் நாட்டுக்குப் போகக்குள்ள பாதியில விட்ட கிரிக்கெட் கேம் கூட அப்பிடியே இருக்கு. நாளைக்கு அவன் வாறான். செங்கலடிக் கடையில புது ராம் மெமரி போட்டா இழுக்காம ஓடும்."

"ஆருக்கு வெற்றி?"

"அவனுக்குத்தான் வரும். இன்னும் நாலு ரன்தான் வேணும்."

"நாலு ரன்ல என்ன இருக்கு? அழிச்சிப்போட்டு நீ முதல்ல இருந்து ஆடன்."

அவர் பெட்டியை இறுக்கிப் பிடித்தார்.

"வீட்டையே அள்ளிக்கொண்டு போன வெள்ளம் அவன்ட இந்த கேமைத் தொடல்ல. நான் தொடுறதா?"