வெயிலுக்குப் பழக்கிய மாப்பிள்ளை

மல்லிகைக்கு உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றுகிறவர்களை நான் மனிதர் கணக்கில் சேர்ப்பதில்லை, தம்பி. எங்கள் ஊர் சிடாம் கிரியில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். பாசார் சந்தையில் ரோஜா வாங்குவார்கள், ஒரு வாரம் கொஞ்சுவார்கள், அது பட்டுப்போனதும் "மண்ணு சரியில்லலா" என்பார்கள். மண்ணுக்கு வாய் இருந்தால் இவர்கள் முகத்தில்தான் துப்பும்.

நான் செம்பனை நாற்றங்காலில் மண்டோராக இருந்து, கூலியாட்களை மேய்த்து, ஓய்வு பெற்றவன். என் கையால் வளர்ந்த கன்றுகளை வரிசையாக நிறுத்தினால் தாய்லாந்து எல்லையில் பாஸ்போர்ட் கேட்பார்கள். என் ஆர்க்கிட்டைப் பார்க்க வந்த ஒரு சீனக் கிழவர் வீட்டுக்குத் திரும்ப மறுத்துவிட்டார். மகன் வந்து தூக்கிப் போனான். செடி வளர்த்தால் மனம் அமைதியாகும் என்று டாக்டர்கள் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள், பாவம். தண்ணீர், வெளிச்சம், கொஞ்சம் உரம், வேர்விட இடம். செடிக்கு வேண்டியது அவ்வளவுதான். அதையும் அது வாய்விட்டுக் கேட்காது.

என் தங்கை பிரேமாவதியின் கணவர் சுகுமாரன் கேட்கிற ரகம். ஜித்ராவில் மளிகைக் கடை வைத்திருந்தார். வரும்போதெல்லாம் என் பூந்தொட்டியில் சிகரெட்டை அணைத்துவிட்டு, "செடிகிட்ட பேசற நேரத்துல ஒரு பொண்ணுகிட்ட பேசியிருந்தா கல்யாணமாவது ஆயிருக்கும் மச்சான்" என்பார். பக்கவாதம் வந்து அந்த வாய் கோணியது, உடம்பில் ஒரு பக்கம் விழுந்தது. தீபாவளிக்குள் நடந்துவிடுவார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிரேமாவதி அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தாள்.

அவர்கள் மகள் சாந்தினிக்கு ஜோகூரில் பிரசவம். பிரேமாவதி அவரை என் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

"செடியையே பிள்ள மாதிரி பாக்குறவரு நீங்க. இவரையும் பாத்துக்குங்கண்ணே. அடிக்கடி தண்ணி குடுக்கணும், தானா எடுத்துக் குடிக்க முடியாது."

நாற்றங்காலில் ஒரு வழக்கம் உண்டு. வலை நிழலில் வளர்ந்த கன்றை அப்படியே தோட்டத்தில் நட்டால் சுருண்டுவிடும். நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வெயிலுக்குப் பழக்க வேண்டும். மாப்பிள்ளைக்கும் அதைத்தான் செய்தேன். சக்கர நாற்காலியை முதலில் கொய்யா மரத்தடியில் வைத்தேன். பிறகு நிழலின் ஓரத்தில். பிறகு சிமெண்ட் தரையில், நிழலே விழாத இடத்தில்.

பக்கத்து வீட்டு மோகனா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அங்கிள், மாமாவ கருவாடு போடறீங்களா?"

"எலும்புக்கு நல்லதும்மா."

சிரித்துவிட்டுக் கைப்பேசிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். துளசியைக்கூட உயிரோடு வைத்திருக்கத் தெரியாத பெண். வேறென்ன எதிர்பார்ப்பது?

அன்றைக்கு நான் பெரணிகளுக்குக் குழாயில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார். உதடு வெடித்திருந்தது.

"மச்சான், தண்ணி."

கோணிய வாயிலும் சொல் சுத்தமாக வந்தது. இரண்டாவது தடவையும் கேட்டார்.

"இருங்க மாப்பிள, இன்னும் ரெண்டு தொட்டி பாக்கி இருக்கு" என்றேன்.

தொட்டிகள் முடிந்தன. குழாயை மூடினேன், சுருட்டி ஆணியில் மாட்டினேன், உள்ளே போய்த் தேநீர் போட்டுக் குடித்தேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் கூப்பிட்டார். பிறகு தோட்டம் தோட்டமாக இருந்தது. அத்தனை அமைதியை நான் எந்தக் கோவிலிலும் கண்டதில்லை.

நீங்கள் கேட்கப் போவது தெரியும். ஆமாம், பழக்கும்போது ஒரு கன்று வாடினால் அன்றைக்கே நிழலுக்கு மாற்றித் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லித்தருவார்கள். எனக்கு மறக்கவில்லை. மாற்றவில்லை, அவ்வளவுதான். அவரைக் கொன்றது நான்தான். வெயில்மேல் பழி போட்டு எழுதிவிடாதீர்கள், வெயில் பாவம்.

பிரேமாவதி உங்கள் ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். பேரப்பிள்ளை முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் ஓடி வந்திருக்கிறாள். சாப்பிடவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். இனி அவளுக்கு யார் இருக்கிறார்கள், தம்பி? சீக்கிரம் எழுதி முடித்து என்னை விடுங்கள். அவளை நான் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும்.